ஒரு மிளகு வந்த வழி

“அன்ரி, நீங்கள் எப்பவாவது பாவம் பாத்து ஒரு சேர்ட்டிபிக்கற் குடுத்திருக்கிறீங்களா?”

நான் ஓய்வு பெற்ற சில மாதங்களின் பின் பழைய அலுவலகத்தார் ஒரு மதிய விருந்துக்கு அழைத்தார்கள். அங்கே இதைக் கேட்டவர் லண்டனிலேயே பிறந்து வளர்ந்த ஓர் இளம் பரிசோதகர். இன்று அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி திரையின் முன் நடக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் வயலைப் பார்க்கிறார்கள். கைப்பேசியைக் கையில் ஏந்திக் களஞ்சியத்தைச் சுற்றிக் காட்டும்படி உழவரிடம் கேட்கிறார்கள். அது தாழ்ந்த முறை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பயணச் செலவைச் சிறு உழவர்கள் சுமக்க வேண்டியதில்லை என்பதே பெரிய நன்மை. ஆனால் அந்த முறை எதைக் காணும், எதைக் காணாது என்பதை அதைக் கையாள்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

“இல்லை, ஒருபோதும் இல்லை” என்று அங்கே சொன்னேன். அது உண்மை. ஆனால் முழு விடை அல்ல. முழு விடையைச் சொல்வதானால் ஒரு நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இலங்கையில் சேதன விவசாயம் என்றும் தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மை என்றும் சொல்லப்படுவதுதான் என் தொழிலின் களம். இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் இன்றி விளைந்தது என்று ஒரு பொருளின் உறையில் எழுத வேண்டுமானால், அதை ஒருவர் நேரில் சென்று உறுதிப்படுத்த வேண்டும். அந்த ஒருவராக நான் இருந்தேன். விவசாய விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று, போர்க்காலத்தில் லண்டன் வந்து சேர்ந்து, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடையில் பணப்பெட்டிக்குப் பின்னால் நின்று, மாலை வகுப்புகளுக்குப் போய், ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாய் கழுவி, பிறகு சான்றளிக்கும் நிறுவனமொன்றில் பயிற்சிப் பரிசோதகராகச் சேர்ந்தேன். இவ்வளவும் ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. வாழும்போது அடங்கவில்லை.

எனக்கு வேலை கற்றுத் தந்த தலைமை அதிகாரி காமாட்சி. மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர், மாணவியாக லண்டன் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அலுவலகத்தில் எல்லோருடனும் ஆங்கிலம். நாங்கள் இருவரும் தனித்திருந்தால் தமிழ். என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டுச் சிரிப்பார். அவருடைய மலேசியத் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். வேலையில் மட்டும் சிரிப்புக்கு இடமில்லை.

அறிக்கையுடன் அவருடைய அறைக்குள் போனால், அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவார். நாற்காலியில் உட்காரச் சொல்ல மாட்டார். ஜன்னல் அருகே அழைத்துப் போய் நிற்க வைத்து, “நீ மிளகு” என்பார். சரக்கு தேயிலையானால், “நீ தேயிலை.”

“சொல்லு. எங்க பொறந்த? யாரு பறிச்சா? அப்பறம் எங்க போன?”

பட்டம் பெற்ற ஒருத்தி மிளகாக நின்று கதை சொல்வது முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கதை தடுமாறும் இடத்தில்தான் நான் பார்க்காமல் விட்ட இடம் இருந்தது. “பிறகு கடைக்குப் போனன்” என்று தாண்டினால் அவர் விட மாட்டார். “எப்படிலா போன? பறந்தா போன?”

கதை முடிந்ததும் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பார். “இத நிறுத்தி, அது தப்பா போச்சுனா யாருக்கு நட்டம்?” பிறகு, “இத விட்டு, அது தப்பா போச்சுனா யாருக்கு நட்டம்?” இரண்டுக்கும் முகம் தெரிந்த மனிதர்களைக் காட்ட வேண்டும். ‘நுகர்வோர்’, ‘உற்பத்தியாளர்’ போன்ற சொற்களை அவர் ஏற்க மாட்டார்.

என் தொடக்க காலத்தில், லண்டனுக்கு வெளியே ஓர் ஆப்பிள் தோட்டத்தில் களைகொல்லியின் தடயம் கண்டேன். தோட்டக்காரர் குற்றமற்றவர், வேலிக்கு வெளியே தெருவோரப் புல்லுக்கு ஊர் நிர்வாகமான கவுன்சில் மருந்தடித்திருந்தது, காற்று உள்ளே கொண்டுவந்திருந்தது. அவருடைய மனைவி தேநீர் தந்தபடியே அழுதார். நான் அறிக்கையில் சொற்களை மென்மையாக்கிக்கொண்டு போனேன். காமாட்சி அக்கா அதையும் கவிழ்த்து வைத்தார்.

“பாவம் பாக்கறது உன் வேல இல்ல, கௌரி. பாத்தத சொல்றதுதான் உன் வேல. முழுசா பாத்தியா, அத மட்டும் கேளு.”

மறுபடி போய் முழுசாகப் பார்த்தேன். வேலியோர வரிசை மட்டும் சான்றிதழிலிருந்து நீங்கியது, தோட்டம் தப்பியது.

பல ஆண்டுகளின் பின், என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில், அந்தத் தீவு வந்தது. அதன் பெயரை நான் எழுத முடியாது. பரிசோதகர்கள் செய்துகொடுக்கும் இரகசிய உறுதி ஓய்வோடு முடிவதில்லை. தெற்கு லண்டனுக்குள் அதன் மக்கள்தொகை முழுவதையும் குடியேற்றிவிடலாம் என்ற அளவு சிறிய நாடு. மலை, பள்ளத்தாக்கு, கடல். மிளகுதான் வருமானம். உரமும் பூச்சிகொல்லியும் கப்பலில் வந்துகொண்டிருந்தன. கிணற்று நீர் குடிக்க முடியாததாகி, கரையோரப் பாறைகளில் மீன் குறைந்தபோது, அந்த நாடு முழுவதும் இயற்கை வேளாண்மைக்கு மாறுவது என்று தீர்மானித்தது.

அப்போது இலங்கையில் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் நிறுத்தி, விளைச்சல் சரிந்து, உழவர்கள் தெருவில் இறங்கியது எல்லோர் மனத்திலும் ஆறாமல் இருந்தது. எங்கள் அலுவலகத்தின் மாதிரி அறைக்குப் பொறுப்பாயிருந்தவர் தவராசா அண்ணை. நாங்கள் கொண்டுவரும் மாதிரிகளைப் பூட்டிவைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவை வாங்குவது அவர் வேலை. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாணக் குடும்பத்தவர், அகதியாக வந்தவர். தீவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கொதித்தார்.

“எங்கட நாட்டில பசளையை நிப்பாட்டினவை. என்ன நடந்தது? தோட்டக்காரன் நடுத்தெருவில நிண்டான். இப்ப இன்னொரு தீவையும் கவுக்கப் போறியளோ?”

“இவை ஒரே நாளில நிப்பாட்டேல்லை அண்ணை. ஒவ்வொரு பள்ளத்தாக்கா, தாங்களே கூடிக் கதைச்சு முடிவெடுக்கினம்.”

“கதைச்சா பயிர் விளையுமோ?”

“கூட்டெருப் போடுகினம், கடற்பாசி போடுகினம், கொடிக்கு நிழல் மரம் வைக்கினம். மாறுற காலத்துக்கு அரசாங்கம் அரிசி குடுக்குது.”

“குடுக்கட்டும், குடுக்கட்டும். அரிசி முடிஞ்சா மிளகுத் தண்ணி குடிச்சுக்கொண்டு கிடக்கட்டும்.”

அவர் சொன்னதை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நல்ல கொள்கை அவசரத்தில் மக்களின் வயிற்றில் அடித்ததைக் கண்ட மனிதரின் கோபம் அது. அந்தத் தீவில் வடக்குப் பள்ளத்தாக்குகள் முதலில் மாறின. விளைச்சல் குறைந்த ஆண்டுகளை அந்தக் குடும்பங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தன. தெற்கு இன்னும் மாறவில்லை. அங்கேதான் பெரிய நிலங்கள் இருந்தன. ‘வடக்கின் மிளகை லண்டன் ஏற்கட்டும், பிறகு நாங்கள் கை உயர்த்துகிறோம்’ என்று தெற்கத்தியர் சொல்லிவிட்டார்கள். வடக்கின் முதல் சான்றளிக்கப்பட்ட விளைச்சலைச் சுமந்து கப்பல் புறப்பட்டபோது, ஒரு நாட்டின் முடிவும் அதில் ஏறியிருந்தது.

வடக்கில் எல்லோரும் துண்டு நிலக்காரர்கள். ஒவ்வொருவரையும் நாங்கள் போய்ப் பார்ப்பது இயலாது. ஆகவே அவர்களுக்குள்ளேயே சிலரைப் பரிசோதகர்களாகப் பயிற்றியிருந்தோம். அவர்கள் அண்டை வீட்டாரின் தோட்டங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் அவர்களுடைய பார்வை சரியா என்று பார்ப்போம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். ஏழைகளுக்கு ஏற்ற முறை. ஆனால் ஒருவர் தவறினால் எல்லோரும் விழுவார்கள்.

சரக்கு லண்டனின் கிழக்கே ஆற்றோரக் கிடங்கொன்றுக்கு வந்தது. மாதிரி எடுக்க நானே போனேன். அரிசி ஆலைகளில் குத்தூசி என்பார்களே, சாக்கினுள் செருகி எடுக்கும் அந்தத் துளைக்குழாயைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மூட்டையின் தலையிலும் வயிற்றிலும் அடியிலும் செருகினேன். எடுத்த மிளகைச் சுத்தமான தாளில் கொட்டிக் குவித்து, குவியலைத் தட்டையாக்கி, சிலுவைபோல் நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, மீதியை மறுபடி குவித்து, கையளவு ஆகும்வரை அதையே செய்தேன். பிறகு மூன்று உறைகள்: ஆய்வுக்கூடத்துக்கு ஒன்று, எங்கள் பூட்டுக்குள் ஒன்று, உழவர்களுக்கு ஒன்று. நல்ல மிளகு. கிடங்கின் குளிரிலும் அதன் காரம் மூக்கில் ஏறியது.

முடிவைத் தவராசா அண்ணைதான் கொண்டுவந்தார். சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லிக்காட்டவில்லை.

“நஞ்சு இருக்கு, கௌரி” என்று மட்டும் சொன்னார்.

கண்டுபிடிக்கப்பட்டது ஒரு பூச்சிகொல்லி. மிளகுக் கொடிக்கு அதை யாரும் அடிப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த ஐயம் எனக்கு இருந்தது. ஐயத்தை வைத்துச் சான்றிதழைக் காப்பாற்ற முடியாது. சான்றிதழ்க் குழுவில் பலர் அதை இரத்துச் செய்யும் மனநிலையில் இருந்தார்கள். காமாட்சி அக்கா என்னை ஜன்னலருகே நிறுத்தினார்.

“நிறுத்தி, அது தப்பா போச்சுனா?”

“வடக்குப் பள்ளத்தாக்கில இருக்கிற அவ்வளவு குடும்பமும். பிறகு தெற்கு. அவை இனி எந்தக் காலத்திலயும் மாற மாட்டினம்.”

“விட்டு, அது தப்பா போச்சுனா?”

“டூட்டிங் தமிழ்க் கடையில நம்பி வாங்கிப் பிள்ளைக்கு இரசம் வைக்கிற தாய்.”

“ரெண்டு பேரும் ஒன்ன பாத்துகிட்டு இருக்காங்க. போ. போயிட்டு மிளகு ஆகித் திரும்பி வா.”

தீவில் என்னை வரவேற்றவர் மடலேன். வடக்கு உழவர் சங்கத்தின் தலைவி. ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி, மருந்தை விடுங்கள் என்று மன்றாடியவர். விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் அவரைத்தான் எல்லோரும் திட்டினார்கள். இப்போது சான்றிதழ் போனால் அவர் அந்த ஊரில் வாழ முடியாது. மடலேனும் ஊரவர்களும் பேசியது அந்தத் தீவின் ஆங்கிலம். நான் அதை என் வீட்டுத் தமிழில்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

“லண்டன்காரி வந்திட்டா” என்றார். “எங்கட வீட்டுக் கட்டிலுக்குக் கீழயும் பாருங்கோ. எல்லாத்தையும் பாருங்கோ.”

பார்த்தேன். கட்டிலுக்குக் கீழும் பார்த்தேன். தெளிப்பான் ஒளித்துவைக்கக்கூடிய கொட்டில்களையும், சந்தேகத்துக்குரிய புதர்களையும், ஓடைக்கரையையும் பார்த்தேன். இலையும் மண்ணும் எடுத்துத் தலைநகர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். இலை சுத்தம், மண் சுத்தம், கொடியில் நின்ற காயும் சுத்தம். அப்படியானால் நஞ்சு வந்தது பறித்த பிறகு. எங்கே?

சங்கத்தின் கூடத்தில் எல்லோரையும் அழைத்தேன். அவர்களுடைய பரிசோதகர்களும் இருந்தார்கள். “யாராவது ஒருத்தர் மிளகு ஆகுங்கோ. பிறந்த இடத்திலயிருந்து கப்பல் வரைக்கும் கதை சொல்லுங்கோ” என்றேன்.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பருத்த மனிதர் ஒருவர் எழுந்து வயிற்றைத் தட்டினார். “நான்தான் மிளகு.”

“நீ பூசணிக்காய்!” என்று பின்வரிசையிலிருந்து அவருடைய மனைவி கத்தினார்.

பூசணிக்காய் நன்றாகவே கதை சொன்னது. கொடியில் பழுத்தது, கூடையில் விழுந்தது, சுடுநீரில் முங்கியது, முற்றத்துப் பாயில் காய்ந்து கறுத்தது, கையில் எடுத்தால் கலகலக்கும் பதம் வந்ததும் புதுச் சாக்கில் கட்டப்பட்டது, சங்கக் களஞ்சியம், லொறி, கப்பல். பாய் புதியது, சாக்கு புதியது, களஞ்சியத்தை நான் முகர்ந்தே பார்த்திருந்தேன். கதையில் ஓட்டை இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

“எல்லா மூட்டையும் இதே வழிதானோ?”

“ஓம், ஓம்.”

அப்போது நான் அவர்களிடம் மறைக்காமல் சொன்னேன்: காரணம் காணப்படவில்லை என்று எழுத வேண்டியிருக்கும். காரணம் தெரியாத நஞ்சுக்கு விதியில் ஒரே முடிவுதான் உண்டு. மடலேன் எழுந்து என் முன்னே வந்து நின்றார்.

“நாங்கள் உங்களுக்குக் கண்ட மிளகையும் அனுப்பேல்லை. முதல் விளைச்சலை அனுப்பினாங்கள். ஆண்டவருக்கு முன்னால வைச்சு எடுத்ததை அனுப்பினாங்கள்! அதையா நஞ்செண்டு சொல்லுறியள்?”

“எங்கை வைச்சனீங்கள்?”

“வேற எங்கை? கோயிலில.”

“எதிலை?”

“தரையில. சாக்கை அவிட்டுத் தரையில பரப்பி, ஃபாதர் செபம் சொல்லி, அடுத்த பூசை வரைக்கும் அப்பிடியே கிடக்கும். பாய் கீய் ஒண்டும் போடமாட்டம். ஆண்டவருக்கும் விளைச்சலுக்கும் நடுவில ஒண்டும் இருக்கக்கூடாது.”

பரிசோதகர்களாகப் பயிற்றப்பட்டவர்களும் தங்கள் மூட்டைகளை அங்கே அவிழ்த்தவர்கள்தாம். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. பறித்தல் வேலை, காயவைத்தல் வேலை, கட்டுதல் வேலை; ஆனால் கோயிலில் வைப்பது அவர்களுக்கு வேலை அல்ல. எங்கள் கேள்விகள் எல்லாம் வேலையைப் பற்றியவை. வழிபாட்டைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை. அவர்களும் அதைச் சரக்கின் பயணத்தில் சேர்த்ததில்லை. ஆசி பெற்ற மூட்டைகளை உள்ளூரில் விற்காமல், மிகச் சிறந்ததென்று தனியே எடுத்து எங்களுக்கே அனுப்பியிருந்தார்கள்.

கோயில் என்று எங்கள் ஊரில் சொல்லும் அந்தத் தேவாலயத்துக்கு நடந்தோம். மலைச்சரிவில் சிறிய மரக்கட்டடம். தரைப் பலகைகள் புதிதாக மினுங்கின. பாதிரியார் இளையவர், கேட்டதை ஒளிக்காமல் சொன்னார். கறையான் அரித்துப் பலகை ஒன்று பூசையின்போது ஒரு கிழவியின் காலடியில் முறிந்துவிட்டதாம். தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து தரையெல்லாம் மருந்தடித்துப் போனார்களாம். அந்த நாட்டின் புதிய சட்டம், மாறிய பள்ளத்தாக்குகளில் வயலுக்கான மருந்தைத் தடுத்தது. கட்டடத்துக்கான மருந்து வேறொரு திணைக்களத்தின் கையில் இருந்தது. வயலைக் காத்தவர்கள் கூரையின் கீழ் நுழைந்து பார்க்கவில்லை.

மடலேன் பூசைக்கு வருபவர்கள் அமரும் வாங்கொன்றில் அமர்ந்துவிட்டார். தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்களே கொண்டுவந்து... நாங்களேயா?”

செய்ய வேண்டிய வேலை இருந்தது. ஒரு கதை பொருந்துவதால் அது நிரூபணமாகிவிடாது. கோயிலுக்கு மூட்டை அனுப்பிய ஒவ்வொரு வீட்டிலும், அதே கொடியில் பறித்து அதே முற்றத்தில் காய்ந்து, வீட்டுச் சமையலுக்கென்று நிறுத்திவைத்த மிளகு இருந்தது. அதிலிருந்து மாதிரி எடுத்தேன். தரைப் பலகையைச் சுரண்டி எடுத்தேன். ஒவ்வோர் உறையையும் மடலேனும் பாதிரியாரும் பார்க்க முத்திரையிட்டேன்.

புறப்படும் முன் பாதிரியார் என்னைத் தனியே அழைத்தார்.

“ஒரு வேண்டுகோள். கோயில் எண்டு எழுதாமல், ‘ஒரு கட்டடம்’ எண்டு எழுதேலாதோ? செபம் சொன்ன இடத்தில நஞ்சு எண்டால் இந்தச் சனத்துக்கு எப்பிடியிருக்கும் எண்டு யோசியுங்கோ.”

யோசித்தேன். அவர் தம்மைக் காக்கக் கேட்கவில்லை. மக்களின் நம்பிக்கையைக் காக்கக் கேட்டார். நானும் கோயிலுக்குப் போகிறவள். விம்பிள்டன் பிள்ளையார் முன் தேங்காய் உடைக்கிறவள். ஆனால் ‘ஒரு கட்டடம்’ என்று எழுதினால், குழுவில் இருப்பவர்கள் அதை உழவர் களஞ்சியம் என்றே எண்ணுவார்கள். தெற்கத்தியர் வடக்கத்தியரின் வீடு என்றே எண்ணுவார்கள்.

“கோயிலை எழுதாமல் விட்டால் பழி வயலில விழும், ஃபாதர்” என்றேன். “வயல் ஒரு பிழையும் செய்யேல்லை.”

அவர் கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “எழுதுங்கோ. என்ர பேரையும் எழுதுங்கோ” என்றார்.

லண்டனில் காமாட்சி அக்காவின் ஜன்னலருகே மிளகாக நின்று கதை சொன்னேன். முற்றத்திலிருந்து கோயிலுக்கு நடந்தபோது அவர் இடைமறிக்கவில்லை. முடிவுக்காகக் காத்திருந்த நாள்களில் தவராசா அண்ணை மாதிரி அறைக்கும் என் மேசைக்கும் இடையே காரணமின்றி நடந்துகொண்டிருந்தார். முடிவு வந்தபோது தாளை நீட்டாமல் வாசலிலேயே நின்று உரக்க வாசித்தார்: வீட்டு மிளகு, ஒரு வீடும் தவறாமல், சுத்தம். தரைப் பலகையில் அதே நஞ்சு.

“ஒரு வீடும் பொய் சொல்லேல்லை, பிள்ளை” என்றார். அவர் என்னைப் பிள்ளை என்று அழைத்தது அதுவே முதல் தடவை.

குழுவில் ஒருவர் இன்னும் உறுதியாக எதிர்த்தார். அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது: தரையில் நஞ்சு இருந்தது என்பதைவிட, அவர்களுடைய உள்ளூர்ப் பரிசோதகர்கள் அதைக் காணவில்லை என்பதே பெரிய குறை, காணாத காவலனை எப்படி நம்புவது? காமாட்சி அக்கா அவரை முழுவதும் பேசவிட்டார். பிறகு சொன்னார்:

“அவர்களை நாம்தான் பயிற்றினோம். நாம் கேட்கச் சொன்ன ஒவ்வொரு கேள்வியையும் கேட்டிருக்கிறார்கள். நாம் எழுதாத கேள்விக்காக அவர்களைத் தண்டித்தால், அடுத்த கூட்டத்தில் என் நாற்காலியையும் எடுத்துவிடுங்கள்.”

அந்தச் சரக்கு சந்தைக்குப் போகவில்லை, விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. இழப்பு வடக்குக் குடும்பங்களின் தலையில்தான் விழுந்தது. அதில் சலுகை இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் சான்றிதழ் நின்றது. விளைபொருள் கால்வைக்கும் எந்தத் தரையும் வயலாகவே கருதப்படும் என்று அந்த நாடு தன் சட்டத்தைத் திருத்தியது. எங்கள் கேள்விகளில் ஒன்று கூடியது: ‘இந்த விளைச்சலை வைத்து நீங்கள் என்னென்ன கொண்டாடுவீர்கள்?’ அன்றிலிருந்து நான் போன ஒவ்வொரு நாட்டிலும் அதைக் கேட்டேன். விடை ஒவ்வொரு முறையும் எனக்குப் புதிதாக இருந்தது. திரையில் பார்ப்பவர்களும் இதைக் கேட்கலாம். கேட்டால் போதும்.

ஆசி என்ன ஆயிற்று என்று சிலர் கேட்பார்கள். வெறும் மண்ணில் பரப்புவோம் என்று பாதிரியார் யோசனை சொல்லி எழுதினார். மண்ணில் பட்ட மிளகில் கிருமி ஏறும், அதற்கு நான் ஒப்பவில்லை. அவருடைய பதிலை முந்திக்கொண்டு மடலேன் தொலைபேசியில் அழைத்தார்.

“நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடிக்கவேண்டாம். நடுவில ஒண்டும் இருக்கக்கூடாதெண்டால் ஏன் பறிக்கவேணும்? ஃபாதர் தோட்டத்துக்கு நடந்து வரட்டும். கொடியிலயே செபம் சொல்லட்டும். அவருக்கும் கொஞ்சம் கால் நோகட்டும்!”

அடுத்த விளைச்சல் அவ்வாறே கொடியில் ஆசி பெற்றது. சரக்கு வந்தபோது குத்தூசி பிடித்தவள் நான்தான். எத்தனை மூட்டையில் செருகி எடுத்தும் ஆய்வில் எந்தத் தடயமும் இல்லை. முத்திரை விழுந்தது, லொறிகள் புறப்பட்டன.

தெற்கத்தியர் தங்கள் முடிவுக்கு ஒரு நாள் குறித்தார்கள். அன்று மதியம் தவராசா அண்ணையும் நானும் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் இருந்தோம். அவர் எதுவும் நடவாததுபோல் கொத்துரொட்டியை அளைந்துகொண்டிருந்தார். ஆனால் மேசையிலிருந்த என் கைப்பேசியை அவர்தான் அடிக்கடி பார்த்தார். அது ஒலித்தது. மடலேன்.

“கௌரி, நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்களே கேளுங்கோ.”

அவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒரு திடல் முழுக்க மனிதர்கள் ஆர்ப்பரிக்கும் ஒலி. யாரோ தகரத்தில் தாளம் போட்டார்கள். பெண்கள் பாடத் தொடங்கினார்கள். அந்த ஒலி சின்ன ஒலிபெருக்கியைக் கிழித்துக்கொண்டு கடை முழுவதும் பரவியது. அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எல்லாருமோ? கேளுங்கோ, எல்லாருமோ?” என்றார் தவராசா அண்ணை.

“ஒரு பள்ளத்தாக்கு மட்டும் வாற வருசம் எண்டது” என்று கூச்சலுக்கு மேலாக மடலேன் கத்தினார். “மற்ற எல்லாரும் கை உயத்தியாச்சு. ஒருத்தரும் வற்புறுத்தேல்லை!”

தவராசா அண்ணை கரண்டியை வைத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இருக்கவில்லை.

தட்டுகளை எடுக்க வந்த கடைக்காரர் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். “என்ன அக்கா, எங்கட ஆக்கள் கிரிக்கெட் மச் வெண்டிட்டினமோ?”

நான் வாய் திறப்பதற்குள் தவராசா அண்ணை சொன்னார்:

“ஓம் தம்பி. வெண்டிட்டம்.”